லாத்தா திருத்திய தமிழ்

எங்கள் வீட்டு அலமாரியில் மார்பகப் புற்றுநோய் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று நெடுநாள் கிடந்தது. அதன் தமிழைச் செப்பனிட்டுக் கொடுத்தவன் நான். "கழலை தென்படின் தாமதியாது மருத்துவரை நாடுக" என்ற வரி என் கைவண்ணம். அந்தப் பிரசுரம் இருந்த அதே வீட்டில்தான் என் லாத்தா, தம் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை எட்டு மாதங்கள் மறைத்து வைத்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் ஒருநாள் கேட்டேன்: "அதைப் படிக்கவில்லையா, லாத்தா?"

"படித்தேன் தம்பி. கழலை என்றால் கழுத்தில் வருவதென்று நினைத்தேன். எனக்கு வந்ததோ புளியங்கொட்டை அளவு உருண்டை. வலிக்கவும் இல்லை. வலிக்காததற்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா?"

என் தமிழ்ப் பெருமை அன்றோடு போயிற்று.

சென்ற ஆண்டு, கைபேசியில் படிக்கத்தக்க இணையப் பக்கம் ஒன்றுக்கு உதவுமாறு சிலர் கேட்டபோது, "என்னை விடுங்கள், நோயுற்றவர்களைக் கேளுங்கள்" என்றேன். லாத்தாவும் அவரோடு சிகிச்சை பெற்ற ஐவரும் எங்கள் உள்கூடத்தில் கூடினர். பெண் மருத்துவர் ஒருவர் உடனிருந்தார். நான் திண்ணையிலிருந்து எழுதினேன்.

மருத்துவர் கொணர்ந்த வரைவு உயிரணுக்களின் விளக்கத்தோடு தொடங்கிற்று. அவர்களோ அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் கேள்விகளை முன்னே வைத்தனர். "சோதிப்பவர் பெண்ணாக இருப்பாரா? ஊசி குத்திச் சதையெடுத்தால் பரவிவிடுமா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? அக்குளிலும் கத்தி வைத்தார்களே, அந்தக் கையால் குடம் தூக்கலாமா?"

மருத்துவர் விடை சொன்னார். பெண் மருத்துவர் வேண்டுமென்று தயங்காது கேட்கலாம். ஊசியால் நோய் பரவி விடுவதில்லை, யாருக்கும் தொற்றுவதுமில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை நீக்கிய பக்கத்துக் கை வீங்கக்கூடும். பாரம் தூக்குவதை மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத் தொடங்க வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் தடவிப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்ல இயலாது.

தலைப்பில்தான் வாதம் மூண்டது. மகனும் எடுத்துப் பார்க்கும் கைபேசியில் 'மார்பகம்' என்ற சொல் வேண்டாமென்றார் ஒருவர். "பெயரை மறைத்துத்தானே நோயையும் மறைத்தோம்" என்றார் லாத்தா. சொல் நிலைத்தது. எழுத்தறியாதாருக்காக அனைத்தையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்தோம்.

இது புதிய வழியன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 'செஸ்' என்னும் கணினி ஏற்பாட்டை உருவாக்கியபோது, நோயாளிகளிடமே அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தனர். 60 வயதுக்குட்பட்ட 246 பெண்களைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் அக்கணினியைப் பெற்றிருந்தோர் இரண்டு மாதங்களில் தம் சிகிச்சை பற்றிய பேச்சில் தயக்கமின்றிப் பங்குகொண்டனர். மருத்துவர் மீது அவர்களுக்கு நம்பிக்கையும் கூடியிருந்தது.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. அறிந்தவர் எழுதினால் மட்டும் போதாது. அனுபவித்தவர் உடனிருந்து திருத்த வேண்டும்.

அந்த அறுவரில் ஒருவர், பக்கம் வெளிவருமுன் மறைந்துவிட்டார். அவர் நோய் மிகத் தாமதமாகக் கண்டறியப்பட்டது. பக்கத்தைத் திறந்ததும் முதலில் கேட்பது அவர் குரல்தான்: "வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதே, மகளே."