நடக்க இயலாத நாள்

பணி ஓய்வுக்குப்பின் எங்கே வாழ்வது என்னும் வினா நம் இல்லத்திலும் எழுந்தது. சென்னையின் புழுக்கம் தாளாது, கோவையை அடுத்துள்ள முதியோர் குடியிருப்புகள் சிலவற்றைக் காண நாமும் துணைவியாரும் சென்றோம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றி நுழைந்து வெம்மையைத் தணிக்கிறது. ஐப்பசியில் மழை, மார்கழியில் இதமான குளிர். முதியோர் நடைபயில ஏற்ற ஊர் என்பதில் ஐயமில்லை.

சென்ற இடமெல்லாம் நடைபாதை, நூலகம், பூப்பந்துத் திடல் ஆகியவற்றைப் பெருமையுடன் காட்டினர். நாம் மகிழ்ந்தோம். துணைவியாரோ ஒன்றே கேட்டார்: "நடக்க முடியாமற் போனால் எங்களை யார் பார்ப்பார்கள்?"

"பிள்ளைகள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும்" என்றனர் ஓரிடத்தில். நம் பிள்ளைகளோ கடல் கடந்து வாழ்பவர்கள். மறுமொழியின்றித் திரும்பினோம்.

பிறிதோரிடத்தில் திடலும் இல்லை, நூலகமும் இல்லை. ஆயினும் இரவில் செவிலியர் இருந்தார். குளியலறைச் சுவரில் கைப்பிடி இருந்தது. படுக்கையுற்றோர்க்குத் தனி அறைகள் இருந்தன. இருவரில் ஒருவர் மறைந்தாலும் மற்றவர் தொடர்ந்து வாழும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனையே தேர்ந்தோம்.

அன்பர்களே, காற்றை நம்பி ஊரைத் தேர்ந்துகொள்ளலாம். வீட்டைத் தேரும்போது, கால்கள் ஓய்ந்துபோகும் நாளையும் எண்ணிப் பாருங்கள்.