கூட்டு யாவாரம்

அடி என் செல்லம் மல்லிகா,

உடனே பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. வீடு பூரா மிளகாய் நெடி, தும்மி முடிக்கவே பொழுது சரியா இருக்கு. இட்லிப் பொடி யாவாரம் பெருகிப்போச்சுடி. இத்தனை நாளும் என் பேர்லயே, ப்ரொப்ரைட்டர்னு சொல்லி ஓட்டினேன். இப்ப என் ஓரகத்தி நாலு லட்சம் போட்டுக் கூடச் சேர்றேன்னு வந்து நிக்கிறா. மெஷின் பக்கம் மட்டும் வரமாட்டாளாம், தூசி ஒத்துக்காதாம், மகராசிக்கு!

ரெண்டு பேருமா ஆடிட்டரம்மாவைப் பாத்தோம். சாதாரண பார்ட்னர்ஷிப்னா, 1932 சட்டப்படி, தொழிலுக்காக ஒருத்தி வாங்குற கடனுக்கு இன்னொருத்தியும் முழுசாப் பொறுப்பாம். அவ எங்கயோ கையெழுத்துப் போட, என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான் கடன்காரன். பங்கு எவ்வளவுன்னு எழுதாம விட்டா லாபம் சரிபாதியாம். வறுக்குறவளுக்கும் பாதி, வாசல்ல நின்னு பாக்குறவளுக்கும் பாதி! அந்த இடத்துல மட்டும் ஓரகத்தி நல்லாத் தலையாட்டினதை நான் கவனிச்சேன். பதிவு பண்ணாத கூட்டா இருந்தா, பாக்கி வச்ச கடைக்காரன் மேல கேஸ் போடவும் முடியாது. பாக்கி வைக்காத கடைக்காரன் எந்த ஊர்லடி இருக்கான்?

எங்க வீட்டுக்காரருக்குப் பிரைவேட் லிமிடெட்னு போர்டு மாட்ட ஆசை. வித்தாலும் விக்காட்டியும் வருஷா வருஷம் ஆடிட் உண்டுன்னு அந்தம்மா சொன்னதும் அடங்கிட்டார்.

கடைசில எல்.எல்.பி.ன்னு, அதான் லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்னு, முடிவு பண்ணிட்டோம். 2008-ல வந்த சட்டம். தொழில் நொடிச்சா போட்ட முதலோட போகும், வீட்டுக்குக் கை நீளாது. யாவாரம் வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டாத வரைக்கும் ஆடிட் கட்டாயமில்ல. ஆனா வருஷக் கணக்குத் தாக்கல் பண்ண மே 30, அக்டோபர் 30, ரெண்டு கெடு இருக்கு, தப்பினா அபராதம் ஏறிட்டே போகும். பேங்க் லோனுக்குப் போனா மட்டும் நம்மகிட்டத் தனியா ஜாமீன் கையெழுத்துக் கேட்டாலும் கேப்பாங்களாம், அங்க எல்.எல்.பி.யும் நம்மளைக் காப்பாத்தாது.

இப்ப ஒப்பந்தம் எழுதிட்டிருக்கோம். வறுக்குறவளுக்கு முதல்ல மாசச் சம்பளம், மிச்சத்துலதான் பங்குன்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அன்னையிலிருந்து அவ 'அக்கா'ன்னே கூப்பிடறதில்ல. கூப்பிடாட்டிப் போகட்டும், அந்த வரியை நான் எடுக்கறதா இல்ல.

அது கிடக்கட்டும். பரமக்குடிச் சந்தையில முண்டு மிளகாய் இப்ப கிலோ என்ன விலை போகுதுன்னு விசாரிச்சு எழுது. மூட்டையா எடுத்தா எவ்வளவு குறைப்பான்னும் சேர்த்துக் கேளு. உன் பேச்சுக்குத்தான் அங்க மரியாதை.

உன்,
ராஜி