கணக்குக்கு சைபர் போட்டது நான்தான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. போன பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். "முழுக்க எழுதிப் போடுறேன்" என்று அன்று சொன்ன கடனை இன்று அடைக்கிறேன்.

போன வருடம் முதலாந் தவணைப் பரீட்சை முடிந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நான் பாடசாலை கேட்டில் இறங்கும்போது தரம் 11 பிள்ளையொன்றின் அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் கட்டும் துணி கையில் இருந்தது. வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், பாதையை மாற்றி இங்கே வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. அதாவது அன்றைய பேர் போய்விட்டது.

"டீச்சர், புள்ளைக்கு கணக்குல சைபர், விஞ்ஞானத்துல சைபர்னு போன்ல வந்திருக்கு. அவங்க அப்பா ராத்திரி கொழும்புல இருந்து எடுத்து ஏசுறாரு. படிச்சது போதும், அனுப்பி வைங்கறாரு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கணிதப் புள்ளியே இன்னும் பதியவில்லை. கணித ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை எட்டுப் பெற்றோருக்கு மட்டும்தான் திறந்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மா அந்த எட்டுப் பேரில் இல்லை.

எங்கள் பாடசாலைக்கு ஒரு சின்ன இணையத்தளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பலர் 'டீச்சர் ஆப்' என்கிறீர்கள். வரவு, வீட்டுவேலை, அறிவித்தல் எல்லாம் அதில் வரும். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்குப் பஸ்கால்தான். உயர்தர ஐ.சி.டி பாடத்தில் பைதன் இருப்பதால், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று தனியாக உட்கார்ந்து படித்தேன். படித்ததை எதிலாவது செய்து பார்க்க ஆசை. பைதனில் இணையத்தளம் கட்ட ஜாங்கோ என்று ஒன்று இருக்கிறது. அதில் கட்டியதுதான் இது.

ஆட்கள் பாவித்துக்கொண்டிருக்கும் ஒரு தளத்தில் புதுப் பக்கம் சேர்ப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. முழுக்க முடித்து ஒரே நாளில் திறந்தால், பிழை இருந்தால் எல்லோருக்கும் பிழை. முடியும்வரை ஒளித்து வைத்திருந்தால், உண்மையான ஆட்கள் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியாது. இதற்குச் செய்நிரல் எழுதுபவர்கள் கண்டுபிடித்த வழிதான் ஃபீச்சர் ஃபிளாக். நான் 'கொடி' என்று சொல்கிறேன். நம் பக்கம் கட்டிக்கொடுத்த தனி வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வயரிங் முடிந்து பல்ப் ஹோல்டரும் மாட்டியிருக்கும். மின்சார சபை வந்து மீற்றர் பூட்டும்வரை வெளிச்சம் வராது. அதே மாதிரி புதுப் பக்கத்தின் செய்நிரலை உள்ளே வைத்துவிடுவோம். அதற்கு முன்னால் பைதனில் ஒரு 'இஃப்' வரி: கொடி ஏறியிருந்தால் காட்டு, இல்லாவிட்டால் பழையபடி விடு. 2009இலேயே படங்கள் போடும் ஃபிளிக்கர் தளத்தார் தாங்கள் இப்படித்தான் செய்கிறோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள்.

அந்த 'இஃப்' வரியை நாமே எழுதலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் யாருக்குக் கொடி, யாருக்கு இல்லை என்று ஒவ்வொரு முறையும் செய்நிரலைத் திறந்து திருத்திக்கொண்டிருக்க முடியாது. கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் என் தம்பிதான் 'ஜாங்கோ வஃபிள்' என்ற நூலகத்தைச் சொன்னான். மொஸில்லாவில் இருந்த ஜேம்ஸ் சோகோல் என்பவர் தொடங்கியது, இலவசம். அதைப் போட்டால் நிர்வாகப் பக்கத்திலேயே கொடிகளின் பட்டியல் வரும். தொலைபேசியில் இருந்தே ஏற்றலாம், இறக்கலாம்.

அதில் மூன்று சாமான் இருக்கிறது. 'சுவிட்ச்' என்பது எல்லோருக்கும் ஒன்றாக எரிவது அல்லது அணைவது, விஞ்ஞானப் புத்தகத்தில் ஆளி என்று படித்தது போலத்தான். 'சாம்பிள்' என்பது ஒவ்வொரு தடவையும் சீட்டுக் குலுக்குவது. 'ஃபிளாக்' தான் ஆளைப் பார்த்து முடிவு செய்யும். இந்தக் குழுவுக்கு, இந்த மொழிக்காரருக்கு, நூற்றுக்கு இத்தனை பேருக்கு என்று கொடுக்கலாம். (கொடியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு எச்சரிக்கையும் வராது, பேசாமல் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். அதில் எனக்கு ஒரு முழு இரவு போனது வேறு கதை.)

நூற்றுக்கு இத்தனை என்ற வழியை நான் முதலிலேயே வேண்டாம் என்று வைத்தேன். புத்தகங்களில் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள்: முதலில் நூற்றுக்கு ஐந்து பேர், பிறகு இருபது, பிறகு எல்லோரும். ஃபிளிக்கரைப் பாவிப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நம் லயத்தில் ஒரு வீட்டுப் போனில் வந்தது அடுத்த வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் தெரியும். "அவங்களுக்குக் காட்டுது, எங்களுக்கு ஏன் காட்டல" என்ற கேள்வி அதற்குள் கேட்டுக்கு வந்துவிடும். அதற்கு "கணினி சீட்டுக் குலுக்கிச்சு" என்று பதில் சொல்லி யாரை நம்ப வைப்பது? இன்னொன்று, அந்த நூற்று வீதத்தை வஃபிள் நினைவில் வைப்பது போனில் உள்ள குக்கியில். ஆளிடம் இல்லை. ஒரே போனில் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பையன் என்று மூன்று பேருக்குப் புள்ளி பார்க்கும் இடத்தில் அது சரிவராது.

அதனால் எட்டுப் பெற்றோரிடம் நேரில் கேட்டு, அவர்களுக்கு 'சோதனை' என்று ஒரு குழு வைத்தேன். புள்ளிப் பக்கத்தின் கொடியில் அந்தக் குழுவைத் தெரிவு செய்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இல்லை.

கொடியில் மொழி என்றொரு கட்டம் இருந்தது. பக்கத்தைத் தமிழில் மட்டும்தான் எழுதியிருந்தேன், சிங்களம் பாக்கி. ஆகவே அந்தக் கட்டத்தில் தமிழ் என்று போட்டேன். என் மனதில் கணக்கு இதுதான்: குழுவில் இருக்க வேண்டும், *மற்றும்* தமிழாக இருக்க வேண்டும். வஃபிளின் கணக்கு வேறு: குழுவில் இருந்தால் போதும், *அல்லது* தமிழாக இருந்தால் போதும். நான் இரண்டு பூட்டுப் போட்டதாக நினைத்தேன். உண்மையில் இரண்டாவது கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களாவது தப்பியிருப்பார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் தளத்தில் தமிழும் சிங்களமும்தான் இருக்கின்றன, முதல் மொழி தமிழ். வேறு மொழியில் உள்ள போன் வந்தால் ஜாங்கோ முதல் மொழிக்குப் போய்விடும். ஆக, ஆங்கிலப் போன்களும் தமிழ்தான். வியாழன் இரவு ஹட்டனில் வீட்டில் இருந்து கொடியை ஏற்றினேன். குழுவில் உள்ள ஒரு கணக்கால் உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கம் அழகாக வந்தது. சந்தோஷமாகத் தூங்கினேன்.

'மற்றும்', 'அல்லது' பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் பல்ப் படம் கீறிப் படிப்பிக்கிறவள் நான். அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த அம்மாவைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டு மேல் மைதானத்துக்கு ஓடினேன். எங்கள் பாடசாலையில் சிக்னல் கிடைப்பது அந்த மூலையில் மட்டும்தான். கொடியில் 'எல்லோரும்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். அது மற்ற எல்லாக் கட்டளைகளையும் மீறும். பத்து வினாடியில் பக்கம் மறைந்தது. கொடி இல்லாமல் செய்திருந்தால் மடிகணினி, செய்நிரல் என்று மாலை வீடு போகும்வரை அந்தச் சைபர்கள் அங்கேயே இருந்திருக்கும். அந்தளவுக்குக் கொடிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பதிவைப் பார்த்தால் அதற்குள் 61 பெற்றோர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டிருந்தார்கள். தரம் 11இல் கணிதமும் விஞ்ஞானமும் யாருக்கும் பதிந்திருக்கவில்லை. வெறுமையாக இருந்ததை என் செய்நிரல் சைபர் என்று காட்டியிருந்தது.

வகுப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பின் வாங்கில் இருந்து ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "எனக்கு அடியும் விழுந்திருச்சு டீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல் செய்தேன்.

பகல் இடைவேளையில் அந்த அப்பாவுக்கு எடுத்தேன். புறக்கோட்டையில் கடையொன்றில் நிற்கிறார். பின்னால் ஒரே சத்தம்.

"சைபர் எடுக்குற புள்ளைய வச்சிக்கிட்டு என்ன டீச்சர் செய்ய? இங்க தெரிஞ்ச எடத்துல ஆள் கேக்குறாங்க."

"அவ எடுக்கலைங்க. நான் போட்டது. புள்ளி இன்னும் பதியவே இல்ல, என்னோட பிழை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப சரியான புள்ளி எத்தன?" என்றார். எனக்கே தெரியாது. திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னேன். கணித ஆசிரியரிடம் போய் நின்று, அந்தத் தாளை முதலில் திருத்தித் தரும்படி கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் திருத்தித் தந்தார்.

47.

"நாப்பத்தேழா... பாஸ்தானே?"

"பாஸ். இன்னும் மூணு எடுத்தா சி."

"சரி டீச்சர்" என்று வைத்துவிட்டார். பிள்ளை பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குப் போன பேரை நான் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அன்றிரவு தம்பிக்குச் சொன்னபோது அவன் முதலில் கேட்டது, "தாத்தா, குழுவுல இல்லாத ஒருத்தரா உள்ள போய்ப் பார்த்தீங்களா?" (எங்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்போம்.) பார்க்கவில்லை. திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், மூடியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. கொடி ஏறியும் இறங்கியும் செய்நிரல் எப்படி நடக்கிறது என்று சோதிக்க வஃபிளிலேயே வசதி உண்டு. ஆனால் அது நாமே கொடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. நிர்வாகப் பக்கத்தில் நான் போட்ட கட்டங்கள் சரியா என்று அது சொல்லாது. அதற்கு வெளியாள் ஒருவரின் கணக்கால் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பிறகு அவன் நைட் கெப்பிட்டல் என்ற அமெரிக்கக் கம்பனியின் கதையைச் சொன்னான். எனக்கு ஆறுதலாகச் சொன்னானா பயமுறுத்தச் சொன்னானா தெரியாது. பங்கு வாங்கி விற்கும் பெரிய கம்பனி. 2003க்குப் பிறகு பாவிக்காமல் விட்ட ஒரு வேலையின் செய்நிரல் அவர்களுடைய சேவர்களில் அழிக்கப்படாமல் கிடந்தது. 2012இல் புது வேலையொன்றைச் சேர்க்கும்போது, அந்தப் பழைய வேலைக்கு வைத்திருந்த அதே கொடியைப் புதியதற்கு எடுத்துக்கொண்டார்கள். புதுச் செய்நிரல் எட்டுச் சேவரில் ஏழுக்குத்தான் போயிருந்தது. ஓகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் கொடி ஏறியது. எட்டாவது சேவரில் செத்துக் கிடந்த பழைய வேலை எழுந்து, நிறுத்தாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. பதறிப்போய் மற்ற ஏழு சேவரிலும் புதுச் செய்நிரலை எடுத்துவிட்டார்கள். கொடி ஏறியபடியே இருந்ததால், இப்போது எட்டும் பழைய வேலையைச் செய்தன. 45 நிமிடத்தில் 46 கோடி டொலருக்கு மேல் நட்டம்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, 'தொடாதே' என்று டேப் ஒட்டியிருக்கும். எது எரியும் எது அணையும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது, ஒட்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார். நைட் கெப்பிட்டல் கதையைக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த நாளே என் கொடிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினொரு கொடி. நான்கு எதற்கென்று எனக்கே விளங்கவில்லை. இத்தனைக்கும் எல்லாம் நான் வைத்தவைதான். வஃபிளில் ஒவ்வொரு கொடிக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. நான் ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. இப்போது எதற்கு, என்றைக்கு எடுக்க வேண்டும் என்று எழுதாமல் ஒரு கொடியும் வைப்பதில்லை. எடுக்கும்போது முதலில் செய்நிரலில் உள்ள 'இஃப்' வரி போகும், பிறகுதான் பட்டியலில் இருந்து பெயர் போகும். இன்றைய கணக்குக்கு மூன்று கொடி.

புள்ளி பதியாத இடத்தில் இப்போது 'இன்னும் பதியவில்லை' என்று எழுத்தில் வரும். மொழிக் கட்டத்தை நான் தொடுவதே இல்லை. இரண்டு நிபந்தனை வேண்டுமென்றால் பைதனிலேயே 'மற்றும்' போட்டு எழுதிவிடுகிறேன்.

இனி அறிவித்தல். இரண்டாந் தவணைப் புள்ளிப் பக்கம் அடுத்த வியாழன் முதல் எட்டு வீடுகளுக்கு மட்டும் திறக்கும். எந்த எட்டு வீடு என்று அறிவித்தல் பலகையில் பெயர் போட்டிருக்கிறேன், அவர்களிடம் கேட்டுத்தான் போட்டேன். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை. அதற்கு முன் உங்கள் போனில் புள்ளி ஏதாவது தெரிந்தால், பிள்ளையிடம் கேட்க முதல் எனக்கு ஒரு கோல் அடியுங்கள். இரவு பத்துவரை எடுப்பேன். சிக்னல் இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுவிடுங்கள்.