திரும்பி வரக் கற்றல்

எங்கள் வண்ணாத்திவில்லிலே பனி என்றால், மார்கழி விடியலில் மரமுந்திரி இலைகளின்மேல் அரும்பி, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும் சிறு துளியே. அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. சுவிற்சர்லாந்திலோ அதே சொல், ஆளுயரத்துக்கு மேலாகக் குவிந்து, ஒரு கணத்தில் மலைச்சரிவோடு பெயர்ந்து, வீடுகளையே புதைக்கவல்ல ஒன்றைக் குறிக்கிறது. 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மட்டும் அந்நாட்டிலே 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர்.

அங்கு வாழும் என் தமக்கையின் மகன், இரண்டு குளிர்காலமாகப் பனிமலையில் ஏறிச் சறுக்கும் கலையைப் பயின்று வருகிறான். செய்தி கேட்ட நாள்முதல் அக்காவுக்கு உறக்கமில்லை. "தம்பி, நீ படிப்பிக்கிறவன். நீ சொன்னால்தான் அவன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லு" என்று என்னை நெருக்கினாள். தடுப்பதற்கு முன், அவன் கற்பது இன்னதென்று அறிவது முறை என எனக்குத் தோன்றியது. ஆகவே தொலைபேசியிலே பல நாள் அவனுக்கு நான் மாணவனானேன்.

கம்பியிலே தொங்கும் ஊர்தி உச்சிக்குக் கொண்டுசெல்ல, செப்பனிட்ட சரிவிலே சறுக்கி இறங்குவது பலரும் அறிந்த விளையாட்டு. இவன் பயில்வதிலோ ஊர்தியும் இல்லை. செப்பனிட்ட வழியும் இல்லை. தன் காலால் ஏறியவனே இறங்கலாம். அவன் வைத்திருக்கும் 'ஸ்பிளிட்போர்ட்' என்னும் பலகை நெடுக்காக இரண்டாகப் பிரியும். ஏறும்போது அவை இரு கால்களுக்கும் இரு சறுக்குக் கட்டைகளாகும். அவற்றின் அடியிலே மயிர்ப்பட்டிகளை ஒட்டுவார்கள். மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கட்டை முன்னே வழுக்கும்; பின்னே வழுக்காது. முற்காலத்தில் கடல்நாயின் தோலை இதற்குப் பயன்படுத்தினர். இன்று ஆட்டுமயிரும் நைலோனும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. உச்சியை அடைந்ததும் பட்டிகளை உரித்து, இரு பாதிகளையும் ஒரே பலகையாகப் பூட்டி, அதன்மேல் பக்கவாட்டாக நின்று இறங்குவர்.

இவை பழகப் பழகக் கைவரும். அரியது, பனியைப் படிக்கும் கல்வியே. காற்று வாரிக் குவித்த புதுப்பனி, உள்ளே நலிந்த படை ஒன்றின்மேல் தங்கியிருக்கக்கூடும். சரிவு முப்பது பாகைக்கு மேற்பட்டதாயின், ஒரு மனிதனுடைய பாரமே அதனைப் பெயர்த்துவிடப் போதும். சறுக்குவோரைப் புதைக்கும் பனிச்சரிவைத் தூண்டிவிடுவோர் பெரும்பாலும் அவர்களேயாவர்.

தாவோஸ் நகருக்கு மேலுள்ள மலையில் 1936இல் ஒரு சிறு குடிலிலே தொடங்கிய பனி ஆராய்ச்சி, இன்று பெரிய நிறுவனமாக வளர்ந்து, குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அபாய அறிவிப்பை வெளியிடுகிறது. அபாயத்துக்கு ஐந்து படிகள் உண்டு. உயிரிழப்பு மிகுவது மூன்றாம் படியிலேதான் என்று அறிந்து வியந்தேன். ஐந்தாம் படியன்று அறிவுள்ளோர் மலைக்குப் போகார். மூன்றிலோ, 'சமாளிக்கலாம்' என்னும் எண்ணம் வந்துவிடுகிறது.

மார்பிலே கட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், சவல் ஆகிய மூன்றுமின்றி எவரும் புறப்படலாகாது. புதையுண்டவனைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் உயிர் தப்புவான். அரைமணி கடந்தால் நம்பிக்கை அற்பமே. ஆகவே, மீட்புக் குழுவினர் வருமுன்பே உயிர்காக்க வேண்டியவன் அருகில் நிற்கும் தோழன்.

சென்ற மாசியில் ஒருநாள், உச்சிக்கு இன்னும் இருநூறு மீற்றரே இருக்கையில், காலடியிலே 'உம்' என்றொரு தாழ்ந்த ஒலி எழுந்து பனிப்பரப்புச் சற்றே அமிழ்ந்ததாம். உள்ளே படை உடைகின்றது என்பதற்கு அதுவே அறிகுறி. ஐவரும் ஏறி வந்த சுவட்டிலேயே இறங்கிவிட்டனர்.

"வெட்கமாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"முதலில் இருந்தது மாமா. கீழே வந்து சூடாகச் சூப் குடிக்கிறபோது இல்லை" என்றான்.

எழுவன்குளத்துக் காட்டுப்பாதையிலே புதிய யானை இலத்தியைக் கண்டு சைக்கிளைத் திருப்பியவரையும், கலா ஓயாக் கழிமுகத்திலே காற்றின் குணம் மாறக் கண்டு தோணியைக் கரைசேர்த்தவரையும் எங்கள் பகுதியில் எவரும் கோழை என்று இகழ்வதில்லை. இந்த மண்ணிலே பிறந்தவன், அதே பாடத்தைப் பனியிலே மீண்டும் படிக்கிறான் என்று கண்டுகொண்டேன்.

வேண்டாம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்த செய்தியை மட்டும் அக்காவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "இனிப் போகிற நாளிலே, எத்தனையாம் படி என்று எனக்கும் முதல்நாளே சொல்லச் சொல்லு" என்றாள்.

பிள்ளைகள் செல்லும் வழியெல்லாம் நாம் உடன்செல்ல இயலாது. வழி தகாதபோது திரும்பிவர நாணாத உள்ளத்தை அவர்களுக்கு அளித்துவிட்டோமாயின், பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கதிற் பெரும்பங்கு நிறைவேறியதென்றே கொள்ளலாம்.