குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு: காரா, ரயிலா?

காலை எட்டே முக்கால். குரோம்பேட்டையைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்கிற காருக்குள் ஏ.சி., எஃப்.எம். எல்லாம் உண்டு. பத்து மணிக்கு எழும்பூர் அலுவலகத்தில் விரல் வைக்க முடியுமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. திரிசூலம் பக்கம், கூப்பிடு தூரத்தில் மின்சார ரயில் விர்ரென்று போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. கத்திப்பாராவில் என்ன நெரிசல் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கூட்டம்? அதைச் சொல்லி மாளாது. மாம்பலத்தில் இறங்க முயற்சியே வேண்டாம், பின்னால் நிற்பவர்களே இறக்கிவிடுவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. ரயிலும் வந்துவிட்டது. ஆனால், அதன் நேரத்துக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மாலையில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்துவிட்டால், வீடு சேர்வதற்குள் கீரை ஆய்ந்து முடிப்பவர்கள் உண்டு. ஸ்டியரிங் பிடித்த கைக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

அலுவலகம் சோழிங்கநல்லூரில் என்றால் கதையே வேறு. இந்த ரயில் ஓ.எம்.ஆர். பக்கம் திரும்புவதே இல்லை. கிண்டியில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட, பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் சொந்த வண்டியில் போவதே மேல்.

எழும்பூர்க்காரருக்கு ரயில்தான் சரி. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஸ்கூட்டர் போதும். ஸ்டாண்டில் இடம் பிடிக்கத்தான் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும். மழைக்காலமென்றால் வண்டிப் பெட்டியில் ஒரு குடையும்.