உங்க போட்டோ எல்லாம் குவார்ட்டர்ஸ்லயா, சொந்த வீட்லயா?

நெய்வேலிக்காரங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டாம். குவார்ட்டர்ஸ் நல்ல வீடுதான். தண்ணி, கரண்ட், ரோடு எல்லாத்தையும் கம்பெனி பாத்துக்கும். முன்னாடி மாமரம், பின்னாடி முருங்கைன்னு முப்பது வருஷம் நிம்மதியா வாழலாம். ஆனா ரிட்டயர் ஆனா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பணும். அதனாலதான் சர்வீஸ்ல இருக்கும்போதே வடலூர்லயோ கடலூர்லயோ ஒரு மனை வாங்கிப் போடறோம்.

உங்க போன்ல இருக்கிற போட்டோ எல்லாம் இப்ப குவார்ட்டர்ஸ்ல இருக்கா, சொந்த வீட்ல இருக்கா?

இதை ஏன் ஒரு டாக்டர் பேசறேன்னு கேக்கலாம். ஓபியில நிறைய பேர் போனை நீட்டித்தான் ஆரம்பிக்கறாங்க. "டாக்டர், நேத்து ராத்திரி தடிப்பு இப்படி இருந்துச்சு." அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் தையல், குழந்தையோட டயப்பர் புண்... எல்லாம் போன்லதான். நல்ல பழக்கம், எங்களுக்கும் உதவி. ஆனா பேக்கப் ஆன்ல இருந்தா, அந்தப் போட்டோ கொஞ்ச நேரத்துல கிளவுடுக்குப் போயிடும். கிளவுடுன்னா மேகம் இல்லை. வேற ஒருத்தரோட கம்ப்யூட்டர்.

அதனால என்ன? ஒரு நிஜ சம்பவம் சொல்றேன்.

2021 பிப்ரவரி, கொரோனா காலம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்னப் பையனுக்குப் பிறப்புறுப்பில் வீக்கம். வீடியோவில் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அப்பாவின் போனில் எடுத்து அனுப்பினார்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினார், பையனுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் போட்டோ தானாகவே கூகுள் கிளவுடுக்கும் போயிருந்தது. இரண்டே நாளில் அப்பாவின் கணக்கு முடக்கப்பட்டது. மெயில், போன் நம்பர், மகனின் குழந்தைப் பருவப் படங்கள் எல்லாம் போச்சு. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்றது. அதற்குப் பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது.

குழந்தைகளைச் சீரழிக்கிற படங்களைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. தேவையான வேலை, மறுக்கலை. ஆனா வைத்தியம் எது, வக்கிரம் எதுன்னு மெஷின் பிரிச்சுப் பாக்கலை. வீட்டு ஓனர் ஒரு நாள் சாவியைப் பிடுங்கிட்டார், அவ்வளவுதான்.

நம்ம நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னார்கள் (புட்டசாமி வழக்கு). 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கு. கதவைப் பூட்டறது நம்ம வேலை.

சரி, சொந்த வீடு கட்டறது எப்படி?

🔹 மூலையில கிடக்கிற பழைய லேப்டாப், கூட ஒரு ஹார்ட் டிஸ்க். தொடங்க இது போதும்.

🔹 போட்டோவுக்கு இம்மிச். போன்ல எடுக்கிற படம் வீட்டு வைஃபை வழியா அந்த லேப்டாப்புக்கே போயிடும். முகம் பார்த்துப் பிரிக்கிற வேலையும் உங்க மெஷின்லயே நடக்கும்.

🔹 வீடியோவுக்கு ஜெல்லிஃபின். கல்யாண சிடி, பாப்பாவோட முதல் பிறந்தநாள் எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டா, இன்டர்நெட் இல்லாமலே வீட்டு டிவில பாக்கலாம். ரெண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

🔹 ஒரு சின்ன யூபிஎஸ். ஊருக்கே மின்சாரம் தயாரிக்கிற ஊர்லயும் கரண்ட் போகும்!

"அப்ப வீட்ல வெச்சாலே பத்திரமா டாக்டர்?" இல்லை. பூட்டாத சொந்த வீட்டை விட வாட்ச்மேன் இருக்கிற குவார்ட்டர்ஸே மேல்.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் வெளியே கசிந்தன. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் வீடியோக்கள் டெலிகிராமில் விலைக்குப் போயின. கேமராவோடு வந்த எளிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள் என்று செய்தி வந்தது. அந்தப் பெண்கள் வைத்தியத்துக்குத்தான் வந்தாங்க.

அதனால மூணு கட்டளை:

1. கேமரா, ரௌட்டர், லேப்டாப் எதுவா இருந்தாலும் முதல் நாளே பாஸ்வேர்டை மாத்துங்க. சாப்ட்வேரை அப்டேட் பண்ணிட்டே இருங்க. படுக்கையறைக்கும் நோயாளி படுத்திருக்கிற அறைக்கும் கேமரா வேண்டாம்.

2. வெளியூர்லேர்ந்து பாக்கணும்னா ரௌட்டர்ல போர்ட்டைத் திறந்து விடாதீங்க. வயர்கார்ட் மாதிரி விபிஎன் போடுங்க.

3. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. என்கிரிப்ட் பண்ணின ஒரு டிஸ்க் தங்கச்சி வீட்ல இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஹார்ட் அட்டாக் வரும், முன்கூட்டியே சொல்லிட்டு வராது.

இதெல்லாம் சரியா ஓடுற வரைக்கும், பல மாசம் ஆனாலும், கிளவுடுல இருக்கிறதை அழிக்காதீங்க. புது வீட்டுக்குப் பால் காய்ச்சறதுக்கு முன்னாடி யாரும் பழைய வீட்டைக் காலி பண்ண மாட்டோம் இல்லையா?

லேப்டாப் வேலையெல்லாம் நமக்கு ஆகாதுன்னா, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. போன் செட்டிங்ஸ்ல பேக்கப்பைத் திறந்து, எந்தெந்த ஃபோல்டர் மேல போகுதுன்னு பாருங்க. வாட்ஸ்அப் படங்கள் போகுதான்னும் பாருங்க. டாக்டர்கிட்ட காட்ட எடுத்த படத்தை, வைத்தியம் முடிஞ்சதும் அழிங்க. ட்ராஷ்லேர்ந்தும் அழிக்கணும்.

கடைசியா, இது ஐசியு வாசல்ல பாத்துப் பாத்துச் சொல்றது. வீட்ல ஒருத்தர் திடீர்னு போயிட்டா, போன் லாக்கும் அவரோடயே போயிடுது. இன்சூரன்ஸ் பேப்பர், பேங்க் விவரம், அவர் சிரிச்ச கடைசிப் படம் எல்லாம் உள்ளே மாட்டிக்கும். எங்கே வெச்சிருந்தாலும் பாஸ்வேர்டை ஒரு நோட்ல எழுதி, பீரோவுல வெச்சு, வீட்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இடத்தைச் சொல்லி வைங்க.

இன்னிக்கே.