சூரியன் மறையுமுன்





தியானப் பகுதி: உபாகமம் 22:8; எபேசியர் 4:26

பனியைப் பஞ்சுக்கும் உறைபனியைச் சாம்பலுக்கும் ஒப்பிடுகிற 147-ஆம் சங்கீதத்தை நம்மில் அநேகர் வெயில் காயும் ஊரில் இருந்துகொண்டே மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் ஸ்காபறோவுக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில்தான் விளங்கிற்று. அந்த வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் வியப்பு போய், கையில் ஷவலும் இடுப்பில் நோவும் மிஞ்சின. இந்த வாரம் பனி அகற்றுவதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் என் வீட்டு வாசலில் நடந்த ஒரு காரியம். அதில் சம்பந்தப்பட்ட தாயார் இதை எழுதும்படி எனக்கு மனமுவந்து அனுமதி தந்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலையில் சுமார் 10 சென்ரிமீற்றர் பனி பெய்திருந்தது. மறுநாள் பிரசங்கம் ஆயத்தமாகவில்லை. ஆகவே கார் வெளியே போகுமளவுக்கு டிரைவேயை மட்டும் தள்ளிவிட்டு, படிக்கட்டையும் அதற்குச் செல்லும் சிறு பாதையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தள்ளிய பனியையும் கைக்கு இலகுவாக இருந்த இடத்தில், அதாவது பாதைக்கு மேட்டுப்புறத்தில், குவித்து வைத்தேன்.

நண்பகலில் வெயில் எறித்தது. கூரைப்பனி கரைந்து, பீலிக் குழாய் வழியாகப் படியோரத்தில் வடிந்தது. நான் குவித்து வைத்த பனியும் கரைந்து அதே பாதையின் குறுக்கே ஓடிற்று. ஜன்னல் வழியே அந்த ஈரத்தைக் கண்டு, பனி தானாகவே கரைகிறதே என்று மகிழ்ந்தேன். ஐந்தே முக்கால் மணியளவில் சூரியன் மறைந்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழ் எட்டுப் பாகைக்கு இறங்கியது. ஓடிய நீர் ஓடின இடத்திலேயே கண்ணாடியைப் போல உறைந்தது. கீழே இருக்கும் சீமெந்து அப்படியே தெரிவதால், இவ்வகைப் பனிக்கட்டி கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஏழு மணிக்கு, காய்ச்சலாகக் கிடந்த என் மனைவிக்கென்று ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, நம் சபையின் எழுபது வயதான ஒரு தாயார் வந்தார். கதவு மணி அடிக்கவில்லை. பாத்திரம் விழுந்த சத்தமே கேட்டது.

அவருடைய மணிக்கட்டு முறிந்திருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவு வரை அவரோடு இருந்தேன். "என்ன செய்கிறது அம்மா, இந்த நாட்டுக் குளிர் அப்படி" என்று ஆறுதல் சொன்னேன். மறுநாள் ஆராதனையில், பனியில் வழுக்கி விழுந்த நமது சகோதரிக்காக ஜெபிப்போம் என்று அறிவித்தேன். எங்கே விழுந்தார் என்று சொல்லவில்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "என் வாசலில்" என்ற இரண்டு சொற்களை வேண்டுமென்றே விழுங்கினேன் என்பதைக் கர்த்தர் அறிவார், நானும் அறிவேன்.

இரண்டு வாரங்களுக்குப் பின், வேதபாடத்துக்காக உபாகமத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது 22-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் நின்றுபோனேன். புது வீடு கட்டுகிறவன் அதன் மேற்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. இஸ்ரவேலர் தட்டையான கூரைமேல் உலாவினார்கள், உறங்கினார்கள், விருந்தினரை உபசரித்தார்கள். அங்கிருந்து ஒருவன் விழுந்தால், கவனமாக நடந்திருக்கலாமே என்று அவன்மேல் குற்றஞ்சாட்ட வேதம் வீட்டுக்காரனுக்கு இடங்கொடுக்கவில்லை. வீடு யாருடையதோ பொறுப்பும் அவனுடையது. நாம் வாழும் ஒன்ராறியோவின் சட்டமும், தம் இடத்துக்கு வருகிறவர்களின் பாதுகாப்புக்குத் தகுந்த கவனம் எடுக்கும் கடமையை வீட்டில் குடியிருப்போர்மேல் வைக்கிறது. ஆனால் என்னைக் குத்தியது சட்டமல்ல, மோசேயின் புத்தகமே. எனக்குக் கட்டளையிடப்பட்ட கைப்பிடிச் சுவர், அன்றைக்கு இருபது நிமிட ஷவல் வேலையாக இருந்தது.

அன்று மாலையே அந்தத் தாயாரிடம் போய், தவறு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விழுந்ததை நான் அண்டைக்கே விட்டிட்டன் பாஸ்ரர். ஆனா நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். அடுத்த ஞாயிறு, நான் விழுங்கிய சொற்களைச் சபைக்கு முன்பாகச் சொன்னேன்.

கோபம் தணியுமுன் சூரியன் அஸ்தமிக்க விடாதீர்கள் என்ற கருத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் எபேசு சபைக்கு எழுதுகிறார். ஏன் சூரியனைக் குறிப்பிட்டார் என்று முன்பு நான் ஆழமாக யோசித்ததில்லை. எபேசு உறைபனியின் ஊர் அல்ல. ஆயினும் இந்த நாட்டில் வீடு வைத்திருக்கிற எவருக்கும் அது கண்கூடான காரியம். பகலில் துடைத்துவிடக்கூடிய ஈரம், இரவில் உளியால் உடைக்க வேண்டிய கட்டியாகிறது. பவுல் பேசுவது கோபத்தைக் குறித்து. கேட்கப்படாத மன்னிப்பும் அப்படியே இறுகுகிறது என்று நான் கற்றுக்கொண்டேன். சனி இரவு ஒரு வசனத்தில் முடிந்திருக்க வேண்டியது, இரண்டு வாரத்தில் எவ்வளவு கடினமாயிற்று!

அந்நாளிலிருந்து நான் கைக்கொள்ளும் சில காரியங்களை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

பனி மிதிபடுமுன் அகற்றுங்கள். புதிதாய் விழுந்த பனி இலேசானது. காலும் சக்கரமும் ஏறிய பின் அது தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதிகமாகப் பெய்கிற நாளில், நின்றபின் ஒரேயடியாக அள்ளுவதைவிட இடையிடையே தள்ளுவது நல்லது. கூடுமானவரை தூக்காமல் தள்ளுங்கள். குவியலைப் பாதையின் தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள். மேட்டில் வைத்தால் அது கரைந்து உங்கள் பாதைக்கே திரும்பி வரும். வீதிக்குள் தள்ளுவது சட்டவிரோதம். நம் வழியைத் துப்புரவாக்குகிறோம் என்று நம் பாரத்தை அயலான் வழியில் போடுவது அன்புமல்ல. பீலிக் குழாயின் வாய் நடைபாதையை நோக்கி இருந்தால் அதைத் திருப்பிவிடுங்கள்.

உப்பு பனி அள்ளும் வேலைக்குப் பதிலாகாது. முதலில் அள்ளி, மீந்திருக்கிற மெல்லிய படலத்தின்மேல் தூவுங்கள். ஒரு காப்பிக் கோப்பை உப்பு நடைபாதையின் பத்துச் சதுரங்களுக்குப் போதுமானது. உப்பு கலந்த நீர் பூச்சியப் பாகையில் உறையாது என்பதே அதன் வேலை. ஆனால் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகையைத் தாண்டும்போது சாதாரண உப்பு மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கல்சியம் குளோரைட் வாங்குங்கள், அல்லது மணல் தூவுங்கள். மணல் எதையும் கரைக்காது. காலுக்குப் பிடி கொடுக்கும். வெந்நீர் ஊற்றவே வேண்டாம், அதுவும் உறையும். அளவுக்கு மிஞ்சிய உப்பு மறைந்துபோவதில்லை. அது ஹைலண்ட் சிற்றாற்றில் இறங்கி, நாம் குடிநீர் எடுக்கும் ஒன்ராறியோ ஏரியைச் சேர்கிறது. நிலம் உலர்ந்த பின் எஞ்சியதைக் கூட்டி எடுத்து வையுங்கள்.

வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் வெப்பமூட்டியின் புகைக்குழாய் பனியால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது அடைபட்டால், மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிரம்பும். வாசலருகே தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றியும் அள்ளிவிடுங்கள்.

மூத்தவர்களே, இருதய நோயுள்ளவர்களே, ஷவலை நீங்கள் தொட வேண்டாம். குளிரில் பாரமான ஈரப்பனியை அள்ளுவது இருதயத்துக்குப் பெரிய சுமை. உதவி கேட்பதை வெட்கமாக எண்ணாதிருங்கள். வாலிபரே, உங்கள் வீதியில் தனியாக வாழும் ஒரு முதியவரின் படிக்கட்டை இந்தக் குளிர்காலம் முழுவதும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வீர்களா? அவர் நம் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

பிரியமானவர்களே, இன்று மாலை உங்கள் வாசலை ஒருமுறை பாருங்கள். அங்கே எது உறையக் காத்திருக்கிறது? யாரிடம் சொல்லவேண்டிய எந்த வார்த்தையை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? தொலைபேசியை எடுங்கள், அல்லது நடந்துபோங்கள். அவர் ஒருவேளை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, எங்கள் வாசலில் மற்றவர்கள் இடறாதபடி எங்களுக்கு விழிப்பைத் தாரும். எங்கள் தவற்றை எங்களுடையது என்று சொல்லும் தைரியத்தைத் தாரும். எங்கள் அசட்டையினால் காயப்பட்டவர்களைக் குணமாக்கும். இந்தக் குளிரில் வெளியே வேலை செய்கிற யாவரையும் பத்திரமாய் வீடு சேரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்